மனசுக்குள் போட்ட சர்வீஸ்

தொண்ணூறுகளில் திருப்பூரில் வேலை பார்த்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மடத்துக்குளம் போகும் பஸ்ஸில் கேட்டது இது.

“மனசுக்குள்ள சர்வீஸ் போட்டாலும் பந்து நெட்லதானுங்க மாஸ்டர் அடிக்குது.”

சொன்ன பெண் என் முன்சீட்டில் இருந்தாள். ஏதோ ஒரு பனியன் கம்பெனியின் வாலிபால் அணி, மதியம் ஃபைனலாம். பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றவர்தான் கோச்.

“கண்ணை மூடி நெனச்சுப் பாத்தாலே நெசமாப் பழகுன மாதிரின்னு மனோதத்துவக்காரங்க ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க அம்மணி. பத்திரிகையில படிச்சேன். மறுபடி போடு.”

கண்ணை மூடினாள்.

“தாண்டிருச்சுங்க.”

“பாத்தியா!”

“ஆனா அவுட்டுங்க.”

“உன்ற மனசுக்குள்ள அவுட்டுன்னு சொன்னது யாரு?”

“நீங்கதானுங்க. கோட்டுப் பக்கத்துல நின்னு கத்தறீங்க. போன மேட்ச்ல கத்துனீங்கல்ல, அதே மாதிரி.”

மாஸ்டர் கம்பியைக் கை மாற்றிப் பிடித்தார்.

“என்னைய வெளிய போகச் சொல்லிட்டுப் போடு.”

“சொன்னேனுங்க. போக மாட்டேங்கறீங்க.”

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்படிக்கட்டுக்குப் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அவள் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு கண்ணை மூடினாள். வலது கை மடியிலிருந்து மெல்ல எழும்பியது.

“மாஸ்டர்! விழுந்துருச்சுங்க!” என்று கத்தினாள்.

கண்டக்டர் பதறி விசிலடித்துப் பஸ்ஸை நிறுத்தினார். “யாருங்க விழுந்தது?” என்று பின்படிக்கு ஓடினார்.

படியில் நின்ற மாஸ்டர் இரண்டு கையையும் தூக்கி, “பாயிண்ட் நமக்குங்க!” என்றார்.