காக்கா உட்கார்ந்த கம்பி

நோணாங்குப்பம் போகும் படகு நடு ஆற்றுக்கு வந்திருந்தது. எனக்கு எதிரே முதலியார்பேட்டை அம்மா ஒருத்தி. அவள் பக்கத்தில், டவுனில் கரண்டுக் கம்பம் ஏறி வேலை பார்க்கிறவர்.

“அண்ணே, அறுந்த கம்பியில காக்கா உக்காந்தா அதுல கரண்டு இல்லன்னுதானே அர்த்தம்?”

“யாரும்மா சொன்னது?”

“நானே பாத்தேன். காத்துல அறுந்து எங்க முருங்கமரத்துல மாட்டித் தொங்குது. காக்காவுக்கு ஒண்ணும் ஆவல. அதான் மருமவள அதுல துணி காயப்போடச் சொல்லிட்டு வந்தேன்.”

அவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

“காக்காவோட ரெண்டு காலும் கம்பியிலயே இருக்கு. ரெண்டும் ஒரே மட்டம், அதனால அது வழியா கரண்டு பாயாது. தண்ணி மேட்டுலேருந்து பள்ளத்துக்குத்தானே ஓடும்? கம்பி மேடு, தரை பள்ளம். வோல்ட்டுன்னு சொல்றது அந்த ஏத்த எறக்கத்தத்தான். உங்க மருமவளுக்குக் கை கம்பியில, காலு தரையில.”

“அவ செருப்புகூடப் போடமாட்டாளே.”

“தரை ஈரமா?”

“மரம் கெணத்தடியிலதான் இருக்கு.”

“இந்நேரம் தொவச்சிருப்பாளா?”

“நான் கெளம்பும்போதே அலசிக்கிட்டிருந்தா.”

படகுக்காரர் யாரையும் கேட்கவில்லை, படகைத் திருப்பினார்.

வந்த கரையையே பார்த்துக்கொண்டு அந்த அம்மா சொன்னாள்: “மொதல்ல என் பொடவையத்தான் காயப்போடுவா.”