வண்டிக்குப் பின்னாடி ஒரு வரி

ஐயய்யோ, அது வேணாம்ணே. ஃப்ரீடம்னு ஒத்தை வார்த்தையை ஒட்டினா ஏதோ செருப்புக்கடைப் பேரு மாதிரி இருக்கும். நீங்க ஸ்டிக்கர் வெட்டுறவரு, நாலு இங்கிலீஷ் எழுத்து பாத்தவரு. நான் அஞ்சாவதோட நின்னவ. தமிழ்ல சொல்றேன், நீங்களே மாத்திக் குடுங்க.

அதோ நிக்குதே, அந்த வண்டிக்குப் பின்னாடி ஒட்டணும். ஆமா, நானேதான் ஓட்டிட்டு வந்தேன். போன மாசம்தான் லைசென்ஸ் வந்துச்சு. சிரிக்காதீங்கண்ணே, கூச்சமா இருக்கு.

என்ன வரணும்னா... இப்போ பால் வாங்கப் போறேன்னு வைங்க. வர்ற வழியில, அந்தப் பக்கத்துத் தெரு எப்படித்தான் இருக்கும்னு தோணுது. சட்டுனு வண்டியைத் திருப்பிடணும். ஏன் போனே, எதுக்குப் போனேன்னு ஒரு ஆளுக்கும் காரணம் சொல்லக் கூடாது. அதை இங்கிலீஷ்ல எப்படி எழுதுவாங்க?

நோபடி ஸ்டாப் மீயா? அப்படின்னா? ஐயோ, என்னை யாரு தடுத்தா! சண்டைக்கு நிக்கிற மாதிரில்ல இருக்கு. வண்டி வாங்கிக் குடுத்ததே எங்க வீட்டுக்காரருதான். தங்கமான மனுஷன். பாப்பா, கத்தரிக்கோலைத் தொடாதம்மா!

ஐ கோ வேர் ஐ லைக்... இஷ்டப்பட்ட இடத்துக்குப் போவேன். ம், இது நல்லாருக்கே! ஆனா இதோட நிறுத்தினா வீட்டை விட்டே கெளம்பிட்ட மாதிரி ஆயிடும்ணே. திரும்பி வந்துடுவேன்னும் சேத்துக்கோங்க. ஐ கம் பேக். அதான், அதேதான்!

எழுத்து பெருசா இருக்கட்டும். ரெண்டு வண்டி தள்ளி வந்தாலும் தெரியணும். தமிழ்ல போட்டா நேரா மூஞ்சிக்கு முன்னாடி சொன்ன மாதிரி ஆயிடும்ணே, வாடிப் போயிடுவாரு. இங்கிலீஷ்ல எது இருந்தாலும் கவர்மென்ட் ரூல்னு நெனச்சுக் கேட்டுப்பாரு.

யாரா? எதிர்க்கடையில ஹெல்மெட்டைக் கழட்டாமலே டீ குடிக்கப் பாக்குறாரே, அவருதான் எங்க வீட்டுக்காரரு. எங்க விழுந்துடுவேனோன்னு பயந்து, நான் எங்க போனாலும் பின்னாடியே வர்றாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. கண்ணாடியில முழு ஆளும் தெரியுறாரு! வாயைத் தெறந்து சொல்லத்தான் எனக்கு வரலை.

ஒட்டியாச்சா? நேரா இருக்கா? அவரு எழுத்துக் கூட்டித்தான் படிப்பாருண்ணே. படிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் அந்தத் திருப்பத்தைத் தாண்டியிருப்பேன்.