பிளாட்பாரத்தில் நின்ற நஞ்சம்மாள்

துடியலூர்னு ஒரு ஊராம். அந்த ஊர்ல ஒரு லேத்துப் பட்டறையாம். பட்டறைக்கு மேல ஒரு மச்சாம். மச்சுல ஒரு ரயிலாம், ரெண்டு கட்டில் அகலத்துக்குள்ளயே ஊரெல்லாம் சுத்தி வருமாம்.

அந்தப் பொம்மை ரயிலுக்குச் சொந்தக்காரரான சென்னிமலை, மச்சான் அவிநாசியப்பனை எதிரே உட்கார வைத்துப் பேச ஆரம்பித்துக் கால்மணி நேரம் ஆகியிருந்தது. மச்சான் காலடியில் அவர் தங்கை நஞ்சம்மாளின் சீலைப்பெட்டி. அதை அன்னூருக்கு எடுத்துப் போகத்தான் வந்திருக்கிறார். அவர் எழுந்துவிடக் கூடாதே என்றுதான் சென்னிமலை வாயை மூடவேயில்லை.

"…அதுக்காவ ஊட்ட உட்டே போயிருவாளுங்களா மச்சான்? ஒரே ஒரு கோட்டு பிரைமருங்க! பெயிண்டுக்கு அடியில பூசற வெறும் பிரைமரு! எஸ்.டி.டி. பூத்துல போய் நின்னு போன் போட்டேன், எங்கொரலக் கேட்டதும் வெச்சுட்டா. இருங்க இருங்க, பொட்டிய அப்பறம் தூக்கலாம். டீ வருது. அவ கோவிச்சுட்டு உங்க ஊட்டுக்கு வாரது புதுசில்லீங்க. நாலு நாள் இருப்பா, வந்துருவா. ஆனாப் பொட்டியக் கேட்டதில்லீங்களே! பொட்டியக் கேட்டுட்டா… இனி வரமாட்டாள்னுதானுங்களே அர்த்தம்?

இதக் கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க. பம்ப்செட்டு விசயமா வந்த ஜெர்மன்காரரு ஒரு டப்பா பொம்ம மனுசங்களக் குடுத்துட்டுப் போனாருங்க. முக்கா இஞ்ச் ஒசரம். அத்தனையும் தொப்பியும் கோட்டும் போட்ட வெள்ளக்காரனுக. நம்ம ஸ்டேசன்ல அவனுகளுக்கு என்னங்க வேல? அரத்தால தொப்பியத் தேச்சு, எம்-சீல் வெச்சு உருமாலை கட்டி உட்டேன். கோட்டச் செதுக்கி வேட்டியாக்குனேன். மூணே மயிரு பிரஷ்ஷுங்க! பலமா மூச்சு உட்டா மீசை கண்ணுக்குப் போயிரும். இவுரு நம்ம பால்காரரு. இது போஸ்ட்மேன். ஸ்டேசன் மாஸ்டர் கையில செவப்புக்கொடி தெரியுதுங்களா? எம்பட புள்ள பிரவீனாவோட நகப்பாலீசு! 'ஒரு சொட்டுத்தான் கண்ணு எடுத்தேன்'னா, காலி பாட்டலக் கொண்டாந்து மூஞ்சிக்கு நேரா காட்டறா. எங்க உட்டேன்… ஆங், நஞ்சம்மா.

அந்தா, தூக்குப்போசியோட நிக்கறாளே, அவதானுங்க உங்க தங்கச்சி. இடுப்புல கை வெச்சு நிக்கறதப் பாருங்க, அப்பிடியே இல்லீங்களா? அந்தக் கையத் திருப்ப ஒரு வாரமாச்சு. எல்லாம் நல்லாத்தான் இருந்துது. பழனியாத்தாள் வந்தாளே, உங்க பெரியம்மா மக, பத்திரிக்க வெச்சமா போனமான்னு இருந்தாளுங்களா? ரயில் பாக்கோணும்னு மேல ஏறுனா. நானும் சும்மா இல்லாம இது ஆரு, அது ஆருன்னு காட்டுனேன். 'ஏனுங் மாமா, அக்காளுக்கு வெள்ளச் சீலையக் கட்டி நிறுத்திப் போட்டீங்க, நீங்க உசுரோடதான இருக்கறீங்க?'ன்னு சிரிக்கறா! பொறத்தால டம்ளரோட நஞ்சம்மா நிக்கறா. அவ சிரிக்கல.

நம்ம சனத்துல புருசன் போனவதான் வெள்ள கட்டுவான்னு எனக்குத் தெரியாதுங்களா? அது சீலையே இல்லீங்க, பிரைமரு! இரும்பா இருந்தா ரெட் ஆக்சைடு அடிச்சிருப்பேன், செவப்புச் சீலைன்னு சந்தோசப்பட்டிருப்பா. பிளாஸ்டிக்குக்கு வெள்ளதானுங்க புடிக்குது! இத வெளக்கமாச் சொன்னா, 'நீங்க எங்க நிக்கறீங்க?'ன்னு கேக்கறா. நானுங்களா… இஞ்சினுக்குள்ளீங்க. டிரைவரு. தங்கக் கலர்ல வாட்ச்சு, மீசைய மூணு தடவ அழிச்சு எழுதுனது. 'உன்னையத்தான் சுத்திச் சுத்தி வாரேன்'னேன். ஒரு பார்வ பாத்தா பாருங்க மச்சான்!

என்னங்? எத்தன நாளா வெள்ளையா நிக்கறாளுங்களா? ஒரு… பத்து நாள் இருக்குமுங்க. ஏனுங் அப்பிடிப் பாக்கறீங்க? சரி, ஒரு மாசம்னு வெச்சுக்கங்க… ஆடியில நிறுத்துனதுங்க. இப்ப மாசி.

வேல இருந்துதுங்க! அம்பத்திரண்டு பேரு! போஸ்ட்மேன் தெனம் வந்து எட்டிப் பாத்தாரு, அவுர முடிச்சேன். பால்காரரு கோவிச்சுக்குவாருன்னு அவுர முடிச்சேன். இந்தக் கறுப்பு நாயிக்கு வாலு சரியா வல்லீங்க, அதுக்கு ரெண்டு கோட்டு. இவ நம்ம ஊட்டு ஆளுதான, எங்க போயிரப் போறா, கடேசில அடிச்சுக்கலாம்னு…"

சென்னிமலை நிறுத்தினார். சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. அன்றைக்கு முதல்முறையாக மச்சில் ரயில் சத்தம் மட்டும் கேட்டது.

"…பொட்டியத் தெறங்க மச்சான். ஒரே நிமிசம். இப்பவே அடிச்சுப் போடறேன், சீலக் கலர மட்டும் பாத்துக்கறேன். பதினோரு சீலைங்களா? இதுல அவளுக்குப் புடிச்சது எதுங்க? மாம்பழக் கலருங்களா? இந்தக் கத்திரிப்பூவுங்களா? தலையாட்டறீங்க, ஆமாவா இல்லையான்னே தெரியலீங்களே! இருவத்தாறு வருசமுங்க… அந்த நாயிக்கு எந்தக் காதுல வெள்ளப் புள்ளின்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். இது தெரியலீங்க மச்சான்."

அவிநாசியப்பன் பெட்டியைச் சாத்தினார், தூக்கினார், படியிறங்கினார்.

சென்னிமலை நஞ்சம்மாளைப் பிளாட்பாரத்திலிருந்து மெல்லப் பெயர்த்துத் தீப்பெட்டிக்குள் வைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ரயிலை நிறுத்தக்கூட நிற்காமல் பாதிப் படியில் மச்சானை எட்டிப் பிடித்தார்.

"நில்லுங்க! அந்தப் பக்கத்துப் புடிய இங்க குடுங்க. அம்மாடி, இத்தன கனமுங்களா? எந்தக் கலருன்னு அவளையே கேட்டுப் போடறேனுங்க. ஆனா ஒண்ணு, மொதல்ல நீங்க பேசோணும். நான் வாயத் தொறந்தா அவ கதவச் சாத்திப் போடுவா…"

சொல்லிக்கொண்டே, பெட்டிக்கு ஒரு பக்கம் ஒருத்தராக அன்னூர் பஸ்ஸுக்கு நடந்தார்கள். தெருமுனையில் அவர்கள் திரும்ப, பேச்சும் கூடவே திரும்பி மறைந்தது.