வாசல் தெளித்த தண்ணீர்

தேவராஜ மார்க்கெட்டில் ஹெப்பாள் பஸ் ஏறினேன். முன் ஸீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்: "அந்தக் காரு ஒழுகறது எனக்குத்தான் மொதல்ல தெரியும்."

"எந்தக் காரு, அக்கா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"என் கொழுந்தன் வாங்கினானே, பழைய காரு. எங்க வாசல்லதானே நிக்குது. தெனம் காலையில எஞ்சினுக்கு அடியில துருத்தண்ணி தேங்கியிருக்கும்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"எதுக்கு? அவன் பொண்டாட்டி முன் ஸீட்டுல உக்காந்துகிட்டு எனக்குக் கையாட்டறதுக்கா? நான் பாட்டுக்கு தெனமும் அதுமேலயே வாசத் தெளிச்சுட்டு வந்தேன். எல்லாம் ஒரே ஈரம்."

"ஐயோ! ஹௌதா? நெஜமாவா?"

"போற எடத்துல எல்லாம் ரேடியேட்டர் கொதிச்சுது. வண்டி நிக்கிற எடத்துல ஈரம் இருக்கான்னு மெக்கானிக் கேட்டான். 'அது அக்கா தெளிக்கிற தண்ணி'ன்னு கொழுந்தன் பொண்டாட்டியே சொல்லிட்டா."

சிரித்தாள். நான் இறங்க வேண்டிய ஸ்டாப் போய்விட்டது.

"இன்னும் கொதிக்குதா?"

"எங்க! போன வாரம் எனக்கு ஜொரம், எந்திரிக்கவே இல்ல. காஞ்ச வாசல்ல கொழுந்தன் அந்தத் தண்ணியைப் பாத்துட்டான். சொட்டின எடத்துக்கு நேரா மேல ரப்பர் ஹோஸு வெடிச்சிருக்கு. புதுசு மாட்டிட்டாங்க. என் ஒடம்பு கொதிச்சு, அவ காருக்குச் சூடு எறங்கிருச்சு."

"போகட்டும் விடுங்கக்கா."

"ஞாயித்துக்கிழமை சாமுண்டி மலைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கா."

"பரவாயில்லையே! நல்லவதான்."

"பின் ஸீட்டுக்குத்தான்டி கூப்பிட்டா."