மேஜை மேல் மின்னிய விளக்கு

காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர் ஐயா. பரவாயில்லை, குடிக்கலாம்.

ஆரணியில் பட்டு நெய்யும் விசைத்தறிக் கொட்டகை என்னுடையது. தறிகள் ஓடினால் பக்கத்தில் நிற்பவன் கத்துவதுகூடக் காதில் விழாது. எல்லோரும் கையால்தான் பேசுவோம். அப்படிப்பட்ட இடத்தில், பிறவியிலேயே காது கேளாத, வாய் பேசாத திலகவதிக்கு மட்டும் தனியாக ஒரு கருவி வேண்டுமாம். சென்னை ஜவுளிக்கடை அம்மாள் வந்து சொன்னாள். மாற்றுத்திறனாளிக்கு வசதி செய்தால்தான் ஆர்டராம். ஏசி காரில் வருகிறவர்களுக்கு இரக்கம் பொங்கி வழிகிறது.

வாங்கித் தொலைத்தேன். அவளிடம் ஒரு விளக்கும் பொத்தானும், என் மேஜையில் அதற்கு ஜோடி. நான் அழுத்தினால் அங்கே மின்னும், அவள் அழுத்தினால் இங்கே. பேட்டரியில் ஓடும் சனியன். அதற்கு மாலை போட்டுப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

திலகவதிக்குப் பின்னறையில், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைப் பிணைக்கிற வேலை. தீர்ந்த பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். பாதியில் எழுந்தால் இழை மாறிவிடும் என்று எழவே மாட்டாள். தண்ணீர் வேண்டுமா, பொத்தான். நூல் சிக்கலா, பொத்தான்.

"மொதலாளி, அந்தப் பொண்ணு கூப்ட்டுகினே கீது, இன்னான்னு பாருங்க" என்பார் மேஸ்திரி பரசுராமன்.

முதலாளியை மணியடித்துக் கூப்பிடும் கூலிக்காரி. ஊரே சிரித்தது.

அன்று மதியம் கரண்ட் போனது. வழக்கம்போல் எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். அவள் மட்டும் கம்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிணைத்துக்கொண்டிருந்தாள். என் அறை விளக்குக்கு மட்டும் ஓடும் சின்ன ஜெனரேட்டரில் பிடித்த தீ பின்னறைக் கூரைக்குத் தாவியது. அந்த அறைக்கு ஒரே வழி என் குடோன். குடோன் நிறைய ஆவணி முகூர்த்தப் புடவைகள். நடுவிலிருந்த இரும்பு ஷட்டரை இறக்கிப் பூட்டினேன்.

பரசுராமன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "உள்ள யார்னா கீறாங்களா?"

"ஒருத்தரும் இல்ல. டீக்குப் போயிட்டாங்க."

முதலிலேயே என் பொத்தானை அழுத்தி அவளை எச்சரித்திருக்கலாமே என்கிறீர்கள். அழுத்தினால் எழுந்து ஓடி வருவாள். வந்தால் ஷட்டரைத் திறக்க வேண்டும். புகை பட்ட பட்டை எந்தக் கல்யாண வீட்டார் தொடுவார்கள்? ஒரு புடவைகூடக் கெடவில்லை, ஐயா.

பிறகு மேஜை மேல் விளக்கு மின்ன ஆரம்பித்தது. விட்டு விட்டு, வெகுநேரம். கண்ணை உறுத்தியது. எடுத்து டிராயரில் போட்டு மூடினேன்.

நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. அவள் வாய் திறந்து ஒரு குரல் கொடுத்திருந்தால், சத்தியமாகத் திறந்திருப்பேன்.