கையுறை போடாத கை

இல்லைப் பிள்ளை, கையுறையை மட்டும் போடச் சொல்லாதேங்கோ. எங்கட பட்டறை முதலாளி பீலிக்ஸ் அதைப் பெட்டி பெட்டியா வாங்கித்தான் வைச்சிருக்கிறான். அவனிலை பிழை சொல்ல ஏலாது. என்ரை கையைப் பாத்திட்டு, இனி வேலைக்கு ஏலும் எண்டு டொக்டரிட்டை அட்டெஸ்ட், அதுதான் சான்றிதழ், எடுத்துக்கொண்டு வந்தால்தான் வேலை எண்டிட்டான். அதுதான் டோர்ட்மண்டிலை தமிழ் கதைக்கிற தோல் டொக்டர் ஆரெண்டு விசாரிச்சு உங்களிட்டை வந்தனான்.

என்ன வேலையோ? கைத்துப்பாக்கி வைக்கிற தோல் உறை செய்யிறது. இடுப்பிலை கொழுவுறது. ஓம், இந்த ஊரிலைதான். சுடுற சங்கக்காரர், வேட்டைக்குப் போறவை எல்லாம் வேண்டுவினம். அடியிலை மாட்டுத்தோல். அதுக்கு மேலை மலைப்பாம்பு, தீக்கோழி, திருக்கை எண்டு அவை கேக்கிற தோலை ஒட்டித் தைக்கவேணும். பாம்பெண்டால் செதில் கீழ்ப்பக்கம் பாத்துப் படுக்கவேணும், இல்லாட்டிச் சட்டையிலை மாட்டி இழுக்கும். அது விரலுக்குத்தான் தெரியும். கையுறை போட்டால் ஒண்டும் விளங்காது.

மணமோ? சீ, அதைக் கேளாதேங்கோ. தீக்கோழித்தோலிலை இறகு பிடுங்கின இடமெல்லாம் கொப்புளம் கொப்புளமா நிக்கும். முதல் மாதம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாலே ஓங்காளிக்கும். இப்ப அதெல்லாம் பழகிப்போச்சு. வேண்ட வாற சனம்தான் அரியண்டம். போன கிழமை ஒருத்தன், செத்த பாம்பின்ரை தோலைக் கன்னத்திலை வைச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாக்கிறான், கண்ணை மூடிக்கொண்டு. பிறகு நான் மற்ற உறையை நீட்ட, என்ரை கையைக் கண்டிட்டு, மேசையிலை வையுங்கோ எண்டான். எனக்கு வந்த விசருக்கு... சரி, விடுங்கோ.

ஓம், கை இப்பிடி வந்தது தோல் ஒட்டுற பசையாலைதான். எனக்கும் தெரியும். வெடிக்கும், உரியும், ரத்தம் கசியும். புளி கரைக்கேக்கை உயிர் போகும்.

லீவிலை மாறினதோ எண்டு கேக்கிறியள். மாறினதுதான். வழமையா ஒரு கிழமைதான் பட்டறை பூட்டுறது, போன யூலையிலை மூண்டு கிழமை பூட்டிப்போட்டான். கை நல்ல வழுவழுப்பா வந்திட்டுது. சந்தோசமோ? நான் எப்ப பட்டறை திறக்கும் எண்டு நாளை எண்ணிக்கொண்டு இருந்தனான்.

மெதுவா, பிள்ளை. சட்டைக் கையை அதுக்கு மேலை உயத்தாதேங்கோ. அந்தத் தழும்பு பசையாலை வந்ததில்லை. அதுவும் யூலையிலை வந்ததுதான்.

என்ரை புருசன் இராசலிங்கத்தைத் தெரியுமெல்லோ. கோயில் வாசல்லை நிண்டு வாற போற எல்லாருக்கும் வணக்கம் சொல்லும். சனத்துக்குத் தங்கமான மனிசன். எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டால்தான் ஓங்காளிக்கும். மகள் கம்சனா படிக்கவெண்டு ஸ்டுட்கார்ட்டுக்குப் போயிட்டாள், வீட்டிலை நாங்கள் ரெண்டு பேரும்தான். அந்தாளுக்கு இந்தக் கை அருவருப்பு. நான் போட்ட சோறு சாப்பிடாது. நான் பிடிச்ச கதவுப்பிடியைத் துடைச்சுப்போட்டுத்தான் பிடிக்கும். வேறை அறையிலை படுக்கும், எனக்குக் கிட்டவும் வராது. கை இப்பிடி வந்து நாலு வருசம், என்னிலை ஒரு அடி விழேல்லைப் பிள்ளை. கை மாறின கிழமைதான் இது விழுந்தது.

ஏன் அழுறியள்? நான் நல்லாத்தானே இருக்கிறன். வேலைக்கு ஏலும் எண்டு அந்த அட்டெஸ்டிலை எழுதுங்கோ, எனக்கு அது காணும். கிரீமும் எழுதுங்கோ, அது உங்கட கடமை. கடையிலை வேண்டிக்கொண்டும் போறன். பூச மட்டும் மாட்டன்.