பினோகாம்போன், நாற்பத்தேழு விழுக்காடு

நான் எழுதும் தாளில் அடித்தல் திருத்தல் இருக்காது. பள்ளியில் பழகியது, இன்றுவரை விடவில்லை. நேற்று உங்கள் அறையில் நான் சொன்னதை உங்கள் எழுத்தர் எழுதிய விதம் எனக்குத் திருப்தியாக இல்லை, ஆய்வாளர் ஐயா. பாதியை விட்டுவிட்டார். அதனால் நானே முதலிலிருந்து எழுதித் தருகிறேன்.

வாசனை எண்ணெய் விற்கும் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக நான் பரிசோதகன். புதிதாக வரும் எண்ணெயில் ஒரு சொட்டு எடுத்து எந்திரத்தில் விடுவேன். அது நாற்பத்திரண்டு நிமிடம் ஓடி, உள்ளே என்னென்ன சரக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். அதை நாலு பக்க அறிக்கையாக்கிப் பாட்டிலின் கழுத்தில் நூலால் கட்டுவேன். மேலாளர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மூடியைத் திறக்கலாம். இந்த வேலையால் எனக்குச் 'சொட்டு' என்று பெயர் வந்தது.

ஈசோப்பு என்ற மூலிகையின் எண்ணெயில் இரண்டு வகை எங்களுக்கு வரும். நிமிர்ந்து வளரும் செடியின் எண்ணெயில் பினோகாம்போன், ஐசோபினோகாம்போன் என்ற வீரியமான சரக்குகள் இரண்டும் சேர்ந்தால் பாதிக்கு மேல் போகும். படர்ந்து வளரும் செடியின் எண்ணெயில் அவை பேருக்குத்தான் இருக்கும். பெரும்பங்கு லினலூல், அது சாது. முதல் வகை வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. எங்கள் கட்டடத்தில் தரை துடைப்பவருக்குக்கூட இது தெரியும்.

மேலாளருக்கு வலிப்பு உண்டு. என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். மாத்திரையில் அடங்கியிருந்தது; ஆறு வருடமாக வரவில்லை என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொள்வார். சளித் தொந்தரவுக்காகத் தன் அறையில் ஒரு ஆவிக் கருவி வைத்து, அதில் படர் வகை எண்ணெயை விடுவார். அந்தப் பாட்டிலை நான்தான் கொண்டுபோக வேண்டும். வேறு யார் நீட்டினாலும் வாங்க மாட்டார். அதை மரியாதை என்று நீங்கள் சொன்னீர்கள். எடுபிடி வேலை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

போன மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என் அறிக்கையைத் தூக்கிக் காட்டினார்.

"சொட்டு சார், நாலு பக்கம் எழுதித் தள்ளுறீங்களே, வாங்குறவங்க யாரு இதைப் படிக்கிறா? அடுத்த மாசத்துலேர்ந்து அவங்களுக்கு ஒரே வரி போதும். நல்லாருக்கு, நல்லால்ல. அவ்வளவுதான்."

"அந்த ஒரு வரியும் சொட்டுச் சொட்டாத்தான் வரும், மேடம்," என்றார் கிடங்குக்காரர்.

மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் கூட்டம் நன்றாக நடந்தது என்று சொன்னேன்.

இவர் என் தாள்களைப் படிப்பதில்லை என்று அன்று முடிவு செய்தேன். ஆனால் சோதித்துப் பார்க்காமல் எதையும் எழுதுகிறவன் நான் இல்லை.

திங்கட்கிழமை அவர் அறைக்கான பாட்டிலில் நிமிர் வகையை நிரப்பினேன். வெளியே எப்போதும்போல 'ஈசோப்பு' என்று எழுதினேன். அது ஈசோப்புதான். கழுத்தில் அந்த எண்ணெயின் உண்மையான அறிக்கையையே கட்டினேன். மூன்றாம் பக்கம், மேலிருந்து நான்காவது வரி: பினோகாம்போன், நாற்பத்தேழு விழுக்காடு. ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. படித்தால் பிழைத்துக்கொள்வார், படிக்காவிட்டால் அவர் பாடு. இதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

பாட்டிலை மேசையில் வைத்தபோது போனில் பேசிக்கொண்டிருந்தார். கையால் போனைப் பொத்திக்கொண்டு, "தேங்க்ஸ் சார்," என்றார்.

பதினோரு மணிக்கு நாற்காலி சாயும் சத்தம் கேட்டது. மேசையின் இரும்பு விளிம்பில் தலை பட்டது அப்போதுதான் என்று பிறகு சொன்னார்கள். பேக்கிங் பிரிவுப் பெண் ஒருவர் என் கதவைத் தட்டினார்.

"அண்ணே, மேடம் விழுந்துட்டாங்கண்ணே! கை காலெல்லாம் இழுக்குது, ஓடி வாங்க!"

"வர்றேன்மா. இன்னும் இருபத்தாறு நிமிஷம் இருக்கு."

"என்னண்ணே பேசுறீங்க? மனுஷன்தானா நீங்க?"

எந்திரத்தில் வேறொரு எண்ணெய் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் எழுந்து போக எனக்குப் பழக்கமில்லை. அது முடிந்து, தாளை எடுத்துத் தேதி போட்டுவிட்டுத்தான் போனேன். அதற்குள் அவரை வண்டியில் ஏற்றியிருந்தார்கள். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது. ஆவிக் கருவி ஓடிக்கொண்டே இருந்தது. அதை அணைத்தவன் நான்தான்; இதையும் உங்கள் எழுத்தர் விட்டுவிட்டார்.

நேற்று அவருடைய மேசை இழுப்பறையிலிருந்து எடுத்த என் பழைய அறிக்கைகளை என் முன்னால் போட்டீர்கள். ஒவ்வொன்றிலும் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடுகள் இருந்தன. பென்சிலால் கோடு போடுவது படித்ததாகாது.

பிறகு திங்கட்கிழமைத் தாளைக் காட்டினீர்கள். மூன்றாம் பக்கத்தில் நாற்பத்தேழைச் சுற்றி ஒரு வட்டம். ஓரத்தில் அவர் கையெழுத்து: 'இந்தத் தடவை ஏன் இவ்வளவு? சாரிடம் கேட்க வேண்டும். அவரே கொண்டுவந்தது, எனக்கு ஆகாததைத் தர மாட்டார்.' அதற்குக் கீழே ஒப்பம்.

இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டீர்கள். இரவு முழுக்க யோசித்துவிட்டு எழுதுகிறேன். படித்தவர் மூடியைத் திறந்திருக்க மாட்டார். திறந்தார்; ஆகவே படிக்கவில்லை. நான் அவரைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் அறிக்கையை அவர் படித்தார் என்று மட்டும் எழுத வேண்டாம்.

அந்த நாற்பத்தேழைச் சரிபார்க்க வேறு ஆய்வகத்துக்குப் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு அனுப்பியிருப்பதாகச் சொன்னீர்கள். வீண் வேலை, ஐயா. நானே பார்த்தது, சரியாகத்தான் இருக்கும்.